வீட்டிலேயே ஸ்டூடியோ: சீட்டுப் பணத்தில் ஆடியோ மிக்சர் வாங்கப் போகிறீர்களா?

'மிக்சர் வாங்கணும்' என்று வீட்டில் சொன்னால், 'கால் கிலோ போதுமா?' என்ற கேள்விதான் முதலில் வரும். 'அந்த மிக்சர் இல்லம்மா, பாட்டு ரெக்கார்ட் பண்ற மிக்சர்' என்று விளக்கி, அதன் விலையையும் சொன்ன பிறகுதான் வீட்டில் அமைதி நிலவும். பத்தாயிரம், இருபதாயிரம் என்பது பல குடும்பங்களில் ஒரு மாத வாடகை, ஒரு டேர்ம் ஃபீஸ், அல்லது பல மாதம் கட்டிய சீட்டுப் பணம்.

பாடுகிற பிள்ளைகள், ஆன்லைனில் வீணை வகுப்பு எடுக்கும் டீச்சர்கள், யூடியூபில் கதை சொல்லும் தாத்தாக்கள், பாட்காஸ்ட் ஆரம்பிக்க நினைக்கும் நண்பர்கள் என வீட்டின் ஓர் அறையை ஸ்டூடியோவாக மாற்ற ஆசைப்படுகிறவர்கள் நிறைய. ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் சென்னையில் தன் வீட்டை ஒட்டியே 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' ஸ்டூடியோவைத் தொடங்கிய கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அல்லவா!

ஆனால், கடைக்குப் போனதும் வண்ண வண்ணக் குமிழ்களும் பட்டன்களும் நிறைந்த பெட்டிகள் கண்ணைப் பறிக்கின்றன. எது பெரிதாக இருக்கிறதோ அதுதான் நல்லது என்று தோன்றுகிறது. வாங்கி வந்து இணைத்த பிறகுதான், நாம் நினைத்த வேலையை இது செய்யாது என்பது தெரிகிறது. அந்த ஏமாற்றத்தைத் தவிர்க்க, கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

மிக்சர் என்ன செய்கிறது?

மைக், கீபோர்டு, கிடார், போன் என்று பல இடங்களிலிருந்து வரும் ஒலிகளை ஒன்றாகச் சேர்த்து, இடது, வலது என இரண்டு தடங்களாக வெளியே அனுப்புவதுதான் மிக்சரின் அடிப்படை வேலை. கல்யாண வீட்டு மைக் செட்காரர் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருகும் அதே பெட்டிதான்.

மைக்கிலிருந்து வரும் மின் சமிக்ஞை மிகவும் பலவீனமானது. அதைப் பெரிதாக்குவது 'ப்ரீஆம்ப்'. ஒவ்வொரு மைக் சேனலின் உச்சியிலும் இருக்கும் 'கெயின்' குமிழ் இதைத்தான் இயக்குகிறது. அடுத்து வருவது ஈக்யூ. பாஸ், ட்ரெபிள் ஆகியவற்றைக் கூட்டிக் குறைக்கும் இடம். பிறகு 'பான்', ஒலியை இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளும் குமிழ். கடைசியாக, அந்த சேனலின் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் குமிழ் அல்லது 'ஃபேடர்'. ஒரு சேனல் புரிந்துவிட்டால் போதும், மற்றவை எல்லாம் அதன் நகல்கள்தான்.

அனலாக் மிக்சரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குமிழ் இருக்கும். மெனு கிடையாது, அப்டேட் கிடையாது. கைவைத்தால் காதில் கேட்கும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

முதல் கேள்வி: மிக்சர்தான் வேண்டுமா?

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா டெய்லர், மகன் கல்லூரி மாணவர். நன்றாகப் பாடுவார், கீபோர்டு வாசிப்பார். கவர் சாங் பதிவு செய்ய வேண்டும். சீட்டு எடுத்த பணத்தில் 20,000 ரூபாயை இதற்காக ஒதுக்கியிருக்கிறார்கள். கடையில் யுஎஸ்பி வசதியுள்ள பத்து சேனல் மிக்சரைக் காட்டுகிறார்கள். 'கம்ப்யூட்டர்ல நேரா ரெக்கார்ட் ஆகும் தம்பி' என்கிறார் கடைக்காரர்.

அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால், முழு உண்மையும் இல்லை. விலை குறைந்த யுஎஸ்பி மிக்சர்களில் பெரும்பாலானவை, பத்து சேனல் ஒலியையும் கலந்து, இடது வலது என்ற இரண்டே தடங்களாகத்தான் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். குரலும் கீபோர்டும் கலந்தே பதிவாகிவிடும். மறுநாள் கேட்கும்போது 'குரல் கொஞ்சம் கம்மியா இருக்கே' என்று தோன்றினால், குரலை மட்டும் கூட்ட முடியாது. கரைத்த மாவிலிருந்து உப்பைத் தனியே எடுக்க முடியாதது போலத்தான்.

இந்த மாணவரைப் போல, ஒரே ஆள் ஒவ்வொன்றாகப் பாடி, வாசித்து, பின்னர் கம்ப்யூட்டரில் எடிட் செய்யப் போகிறார் என்றால், அவருக்குத் தேவை மிக்சர் அல்ல. இரண்டு இன்புட் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ். அது ஒவ்வொரு மைக்கையும் தனித்தனித் தடமாகப் பதிவு செய்யும். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய பெட்டி. பார்வைக்குக் கம்பீரம் குறைவு, ஆனால் வேலைக்குச் சரியானது.

அப்படியென்றால் மிக்சர் யாருக்கு?

* ஒரே நேரத்தில் மூன்று, நான்கு பேர் பேசும் அல்லது பாடும் வீடுகள். பாட்காஸ்ட், பஜனைக் குழு, குடும்பக் கச்சேரி.
* நேரலையாக வகுப்போ நிகழ்ச்சியோ நடத்துபவர்கள். இவர்களுக்கு எடிட் செய்ய நேரமில்லை. அப்போதே கலந்து அப்போதே வெளியே போக வேண்டும்.
* இரண்டு, மூன்று கீபோர்டு, ரிதம் பேட் என ஏற்கெனவே கருவிகள் வைத்திருப்பவர்கள். ஒவ்வொரு முறையும் வயரைப் பிடுங்கி மாட்டாமல், எல்லாமே எப்போதும் இணைந்திருக்கும்.
* வீட்டில் பயிற்சி, வார இறுதியில் மேடை என்று இரண்டுக்கும் ஒரே பெட்டி தேவைப்படுபவர்கள்.

இந்தப் பட்டியலில் நீங்கள் இருந்தால், தொடர்ந்து படியுங்கள்.

'10 சேனல்' என்றால் 10 மைக் இல்லை!

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்தான் முதல் பொறி. யமஹா எம்ஜி10 மாடலில் 10 சேனல். ஆனால், மைக் இணைக்கும் இடம் நான்குதான். எம்ஜி06-ல் இரண்டு. பெரிங்கர் ஸெனிக்ஸ் 802-ல் இரண்டு, ஸெனிக்ஸ் 1202-ல் நான்கு. மேக்கி மிக்ஸ்5-ல் ஒன்றே ஒன்று. மீதி எல்லாம் கீபோர்டு, போன் போன்றவற்றுக்கான ஸ்டீரியோ லைன் சேனல்கள். ஒரு ஸ்டீரியோ சேனலை இரண்டாக எண்ணுவதால்தான் கணக்கு இப்படிப் பெருகுகிறது.

எனவே 'எத்தனை சேனல்?' என்று கேட்காதீர்கள். 'எத்தனை மைக் ப்ரீஆம்ப்?' என்று கேளுங்கள். இன்னும் எளிதாக, மூன்று துளைகள் கொண்ட வட்டமான எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டுகளை எண்ணிப் பாருங்கள். இன்றைய தேவையைவிட ஒன்றிரண்டு கூடுதலாக இருந்தால் போதும்.

எழுத்துகளுக்கும் அர்த்தம் உண்டு. யமஹா எம்ஜி வரிசையில் 'எக்ஸ்' இருந்தால் எஃபெக்ட்ஸ் உண்டு, 'யு' இருந்தால் யுஎஸ்பி உண்டு. எம்ஜி10 என்பதும் எம்ஜி10எக்ஸ்யு என்பதும் பார்வைக்கு உடன்பிறப்புகள். வசதியில் வேறு வேறு. ஆன்லைனில் ஆர்டர் போடும்போது இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் விட்டால், பெட்டியைப் பிரித்த பிறகு யுஎஸ்பி துளையைத் தேட வேண்டியிருக்கும்.

கவனிக்க வேண்டிய ஐந்து விஷயங்கள்

1. 48 வோல்ட் ஃபான்டம் பவர்: கண்டென்சர் மைக் இயங்க மிக்சரிலிருந்து மின்சாரம் வேண்டும். அதுதான் ஃபான்டம் பவர். 1966-லிருந்து மேடைகளில் புழங்கும் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்குகளுக்கு இது தேவையில்லை. எந்த மைக் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். சிறிய மிக்சர்களில் எல்லா மைக் சேனல்களுக்கும் சேர்த்து ஒரே ஃபான்டம் பட்டன்தான் பெரும்பாலும் இருக்கும்.

2. லோ கட்: 80 ஹெர்ட்ஸ் அளவுக்குக் கீழே உள்ள கரகரப்பை வெட்டும் பட்டன். மைக் ஸ்டாண்டை இடிக்கும் சத்தம், மின்விசிறிக் காற்று, தெருவில் போகும் லாரியின் அதிர்வு எல்லாம் பெருமளவு குறையும். நம் வீடுகளுக்கு எஃபெக்ட்ஸைவிட இது முக்கியம்.

3. ஈக்யூ: சில மாடல்களில் இரண்டு பேண்ட், சிலவற்றில் மூன்று. குரலை மட்டும் பதிவு செய்ய இரண்டே போதும். மிருதங்கம், வீணை, குரல் மூன்றையும் நேரலையில் கலக்க வேண்டுமென்றால் மிட் குமிழும் இருப்பது உதவும்.

4. ஆக்ஸ் அல்லது எஃப்எக்ஸ் சென்ட்: பாடுபவருக்குத் தனி அளவில் ஒலி அனுப்பவோ, வெளி எஃபெக்ட்ஸ் கருவியை இணைக்கவோ பயன்படும். மேடைக்கும் எடுத்துச் செல்வீர்கள் என்றால் இது கட்டாயம் வேண்டும்.

5. ஹெட்போன் குமிழ்: ஹெட்போனுக்கென்று தனி வால்யூம் இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு பயிற்சி செய்யும் வீடுகளில், அதிகம் திருகப்படும் குமிழ் இதுவாகத்தான் இருக்கும்.

எஃபெக்ட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 'நூறு எஃபெக்ட்ஸ்' என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். எக்கோவோடு பதிவாகிவிட்ட குரலிலிருந்து எக்கோவை நீக்குவது மிகக் கடினம். கம்ப்யூட்டரிலோ போனிலோ எடிட் செய்பவர்கள் எக்கோ இல்லாமல் பதிவு செய்து, பிறகு சேர்த்துக்கொள்வதே நல்லது. நேரலைக்கு மட்டும்தான் மிக்சரின் எஃபெக்ட்ஸ் உண்மையில் உதவும்.

யுஎஸ்பி மிக்சர் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா?

கவலை வேண்டாம், ஒரு வழி இருக்கிறது. குரல் சேனலின் பான் குமிழை முழுக்க இடப்பக்கமும், கீபோர்டு சேனலின் குமிழை முழுக்க வலப்பக்கமும் திருப்புங்கள். மிக்சரின் எஃபெக்ட்ஸை அணைத்துவிடுங்கள். இப்போது கம்ப்யூட்டருக்குப் போகும் இரண்டு தடங்களில், ஒன்றில் குரல் மட்டும், இன்னொன்றில் கீபோர்டு மட்டும் இருக்கும். எடிட்டிங் சாஃப்ட்வேரில் அந்த ஸ்டீரியோ பதிவை இரண்டாகப் பிரித்துக்கொண்டால், தனித்தனியே சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கீபோர்டு ஸ்டீரியோவாக இல்லாமல் மோனோவாகப் பதிவாகும் என்பது மட்டும்தான் குறை.

ஒவ்வொரு சேனலையும் தனித்தனியே அனுப்பும் மிக்சர்களும் உண்டு. சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் வரிசையில் 'எம்டிகே' என்று முடியும் மாடல்கள், டாஸ்காம் மாடல் 12 போன்றவை. ஆனால், இவை முதல் பட்ஜெட்டுக்குள் அடங்குபவை அல்ல.

எந்த வீட்டுக்கு எது?

பாட்டு அல்லது வீணை வகுப்பு எடுக்கும் டீச்சர்: குரலுக்கு ஒரு மைக், வாத்தியத்துக்கு ஒரு மைக், சுருதிப் பெட்டி செயலிக்குப் போன். இரண்டு மைக் ப்ரீஆம்ப், ஒரு ஸ்டீரியோ லைன் உள்ள சிறிய மிக்சர் போதும். கம்ப்யூட்டரில் வகுப்பு எடுத்தால் யுஎஸ்பி உள்ள ரகம் வசதி. வீணையில் காண்டாக்ட் மைக் ஒட்டியிருந்தால், அதை நேரடியாக லைன் சாக்கெட்டில் செருகும்போது ஒலி மெலிந்து கேட்கலாம். இடையில் ஒரு டிஐ பாக்ஸ் தேவைப்படும்.

போனிலேயே லைவ் போடுபவர்: யமஹா ஏஜி03 வரிசை போல நேரலைக்காகவே வடிவமைத்தவற்றைப் பார்க்கலாம். 'லூப்பேக்' வசதி இருந்தால், கம்ப்யூட்டரில் ஓடும் பின்னணி இசையும் உங்கள் குரலும் கலந்தே நேயர்களுக்குப் போகும். சாதாரண மிக்சரின் அவுட்புட்டை அப்படியே போனின் மைக் துளையில் செருகினால் ஒலி உடைந்து கேட்கும். போனின் மைக் இன்புட் அவ்வளவு வலுவான சமிக்ஞைக்கானது அல்ல.

நான்கு பேர் பாட்காஸ்ட், பஜனைக் குழு: நான்கு மைக் ப்ரீஆம்ப் கட்டாயம். ஸெனிக்ஸ் 1202, எம்ஜி10 போன்ற அளவு. ஒருவர் பேசும்போது மற்றவர்களின் மைக்கைக் குறைத்து வைக்கப் பழக வேண்டும். இல்லாவிட்டால் நான்கு மைக்கும் சேர்ந்து அறையின் எதிரொலியைத்தான் பதிவு செய்யும்.

பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது?

புகழ்பெற்ற நிறுவனங்களின் இரண்டு மைக் ரகங்கள் ஏறக்குறைய 10,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கின்றன. நான்கு மைக், யுஎஸ்பி, எஃபெக்ட்ஸ் என்று போனால் 20,000 ரூபாயைத் தாண்டிவிடும். விலை அடிக்கடி மாறும் என்பதால், வாங்கும் நாளில் இரண்டு, மூன்று இடங்களில் விசாரியுங்கள்.

கையிலுள்ள பணம் முழுவதையும் மிக்சருக்கே கொடுத்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. மைக், மைக் ஸ்டாண்ட், எக்ஸ்எல்ஆர் கேபிள், காதை முழுக்க மூடும் ஹெட்போன் எல்லாம் இன்னும் பாக்கி இருக்கும். மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் மிக்சருக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே யுஎஸ்பி மைக் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: அது அனலாக் மிக்சரில் சேராது. யுஎஸ்பி மைக் நேராகக் கம்ப்யூட்டரோடு மட்டுமே பேசும். மிக்சரில் இருக்கும் யுஎஸ்பி துளை கம்ப்யூட்டரை இணைக்க அல்லது பென் டிரைவில் பாட்டுப் போட. மைக்கை அதில் செருகினால் ஒன்றும் நடக்காது.

பெயர் தெரியாத மலிவு விலை மிக்சர்களில் புளூடூத், எம்பி3, எல்இடி விளக்குகள் என எல்லாம் இருக்கும். ஆனால், ப்ரீஆம்ப் தரம் குறைவாக இருந்தால் கெயினைக் கூட்டும்போதே 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் கிளம்பும். வாங்கும் முன் மைக்கை இணைத்து, ஹெட்போனை மாட்டி, கெயினை முக்கால்வாசி திருப்பி, யாரும் பேசாமல் பத்து விநாடி கேளுங்கள். அந்தப் பத்து விநாடி பெட்டியைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக. நல்ல நிறுவனத்தின் பழைய மிக்சர், பெயர் தெரியாத புதிய மிக்சரைவிடப் பல நேரங்களில் மேல். சென்னை என்றால் ரிச்சி ஸ்ட்ரீட், மற்ற ஊர்களில் மைக் செட் கடைகள், இசைக்குழு நடத்துபவர்கள் என்று விசாரித்தால் கிடைக்கும். பணம் கொடுக்கும் முன் இவற்றைச் செய்து பாருங்கள்:

* ஒவ்வொரு குமிழையும் முழுக்கத் திருப்புங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே தூசி அல்லது தேய்மானம். ஒன்றிரண்டு என்றால் சுத்தம் செய்யலாம். எல்லாமே என்றால் வேண்டாம்.
* ஒரே மைக்கை எல்லா மைக் சேனல்களிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பேசுங்கள். ஒலி ஒரே அளவில் வர வேண்டும்.
* கண்டென்சர் மைக் ஒன்றைக் கொண்டுபோய் ஃபான்டம் பவர் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.
* ஒரிஜினல் அடாப்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். பல சிறிய மிக்சர்கள் போன் சார்ஜர் போன்ற டிசி அடாப்டரில் இயங்குவதில்லை; மூன்று பின் கொண்ட தனி வகை ஏசி அடாப்டரில் இயங்குகின்றன. கிடைத்ததைச் செருகினால் மிக்சர் போய்விடும்.

அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரர் அன்பளிப்பாகக் கொண்டுவருகிறார் என்றால் இன்னும் கவனம் தேவை. அங்கே 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் பிளக்கில் செருக வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் நாள் பலருக்கும் வரும் புகார், 'ஹம்ம்ம்' என்ற சத்தம். மிக்சரும் கம்ப்யூட்டரும் வேறு வேறு பிளக் பாயின்ட்டில் இருந்தால் எர்த் வழியாக இந்த இரைச்சல் வரலாம். இரண்டையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் இணையுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் சத்தம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், காரணம் மிக்சர் இல்லை. எர்த் பின்னை உடைத்துவிட்டுச் சமாளிக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அது உயிரோடு விளையாடுவது.

அடுத்தது கெயின். சேனல் குமிழையும் மெயின் குமிழையும் '0' என்று குறித்திருக்கும் இடத்தில் வையுங்கள். பாட்டின் உச்ச ஸ்தாயியைப் பாடியபடி கெயினை மெல்லக் கூட்டுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் சற்றே குறையுங்கள். மெல்லப் பாடும்போது செட் செய்துவிட்டு, பதிவின்போது உச்சத்தில் உடைந்துபோவதுதான் வழக்கமாக நடப்பது.

ஆன் செய்யும்போது மிக்சர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில், மிக்சர் கடைசியில். ஃபான்டம் பவரைப் போடும்போதும் எடுக்கும்போதும் வால்யூமைக் குறைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் ஒரு துணியால் மூடி வையுங்கள். தூசியும் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றும் குமிழ்களுக்கு எதிரிகள்.

கடைசியாக, அறை. பளபளக்கும் டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவர்களும் உள்ள அறையில் எந்த மிக்சரும் நல்ல ஒலி தராது. தரையில் ஜமுக்காளம், ஜன்னலில் கனமான திரை, பாடுபவரின் பின்னால் துணிகள் நிறைந்த திறந்த அலமாரி. இவற்றுக்குச் செலவு எதுவும் இல்லை. ஃப்ரிட்ஜ் இருக்கும் பக்கத்தைத் தவிருங்கள். குக்கர் விசிலுக்கும் பதிவுக்கும் நேரம் பிரித்துக்கொள்ளுங்கள்.

அந்த டெய்லர் வீட்டுக்கு வருவோம். பத்து சேனல் மிக்சருக்குப் பதில் இரண்டு இன்புட் இன்டர்ஃபேஸ், ஒரு டைனமிக் மைக், ஒரு ஹெட்போன் என்று பட்டியலை மாற்றிக்கொண்டால், அந்தப் பணத்துக்குள் முதல் பாட்டைப் பதிவு செய்துவிடலாம். நாளை நண்பர்கள் சேர்ந்து குழுவானால், அப்போது மிக்சர் வாங்கிக்கொள்ளலாம். இன்டர்ஃபேஸ் அப்போதும் வீணாகாது. மிக்சரின் இரண்டு அவுட்புட்டையும் அதில் கொடுத்துப் பதிவு செய்யலாம்.

கடைக்குப் போகும் முன், யார் பாடுவார்கள், எத்தனை பேர் ஒரே நேரத்தில் பாடுவார்கள், அதை எங்கே பதிவு செய்வீர்கள் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் எந்தப் பெட்டியைக் காட்டினாலும், அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.